பனிமலையில் இறங்கத் துணிச்சல் மட்டும் போதுமா?



மலையேறச் சென்றவர்கள் பனிப்புயலில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் ஒன்று பறந்து சென்று அவர்களை மீட்டு வந்தது என்பது போன்ற செய்திகளை நீங்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அச்செய்திகளின் தலைப்பு பெரும்பாலும் ‘விமானியின் வீரச் செயல்’ என்றே இருக்கும். திரைப்படம் என்றால் கேட்கவே வேண்டாம். மேலதிகாரி “போகாதே” என்று தடுப்பார். கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு புயலுக்குள் பாய்வான், வெற்றியோடு திரும்புவான்.

இவ்வாறு பாராட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. அந்த விமானி துணிச்சல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் துணிச்சலை மட்டும் புகழும்போது, அவர் பல ஆண்டுகள் பயின்ற கல்வி மறைந்துபோகிறது. அதைவிடத் தீமையானது வேறொன்று. துணிந்தால் ஆபத்து விலகிவிடும் என்ற எண்ணம் இளம் உள்ளங்களில் பதிந்துவிடுகிறது. காற்றுக்கும் பனிக்கும் நம் துணிச்சல் தெரியாது. அவை இயற்பியல் விதிகளுக்கு மட்டுமே கட்டுப்படும். இதை உணர்த்த உண்மையில் நடந்த ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

மோன் பிளாங்கில் நடந்தது

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங்க். அதன் உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர். பிரான்சு நாட்டின் ஷாமோனி என்ற ஊர் அதன் அடிவாரத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ழான் மோயின் என்ற விமானி ஒரு சிறிய ஹெலிகாப்டரை அந்தச் சிகரத்திலேயே இறக்கிக் காட்டினார். இனி மலையில் எங்கும் இறங்கலாம் என்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ழான் வென்சாந்தோன், பிரான்சுவா ஆன்ரி என்ற இரு இளைஞர்கள் மோன் பிளாங்கை நோக்கிப் புறப்பட்டனர். இடையில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கை கால்கள் விறைத்து, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் அவர்கள் நகர முடியாமல் அகப்பட்டுக்கொண்டனர். டிசம்பர் 31ஆம் நாள் சிக்கார்ஸ்கி எஸ்-58 என்ற பெரிய ஹெலிகாப்டர் ஒன்று இரண்டு விமானிகளுடனும் இரண்டு மலை வழிகாட்டிகளுடனும் அவர்களை மீட்கச் சென்றது. அது தரையை நெருங்கியபோது, அதன் சுழல் இறக்கைகள் கீழே தள்ளிய காற்று பொடிப்பனியை மேகம்போல் கிளப்பியது. எத்திசையும் ஒரே வெண்மை. தரை எது, வானம் எது என்று விமானிகளுக்குத் தெரியவில்லை. ஹெலிகாப்டர் பனியில் விழுந்து நொறுங்கியது.

காப்பாற்றச் சென்றவர்களையே காப்பாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. இளைஞர்கள் இருவரையும் நொறுங்கிய ஹெலிகாப்டரின் உடற்பகுதிக்குள் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்கள் மலைமேல் இருந்த குடிசையை நோக்கிச் சென்றனர். 1957 ஜனவரி 3ஆம் நாள் அலுவெட்-2 என்ற புதிய வகை ஹெலிகாப்டர்கள் அவர்களைக் கீழே கொண்டுவந்தன. இளைஞர்களை மீட்கும் முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுடைய உடல்கள் மார்ச் மாதத்தில்தான் கிடைத்தன.

எண்ணிப் பாருங்கள். மீட்கச் சென்றவர்களிடம் துணிச்சல் குறைவாகவா இருந்தது? இல்லவே இல்லை. அவர்களைக் குறை கூறவும் முடியாது. பனிமலையில் ஹெலிகாப்டரை இறக்கும் கலை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. நல்ல பருவத்தில் ஒருவர் ஒருமுறை செய்து காட்டுவது வேறு. யாரும், எப்போதும் செய்யக்கூடிய கல்வியாக அது வளர்வது வேறு. அந்தக் கல்வியின் தேவையை இந்நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்தியது. மலை மீட்புக்கென்றே தனிக் காவற்படைப் பிரிவு ஒன்று 1958இல் ஷாமோனியில் அமைக்கப்பட்டது.

மெல்லிய காற்றின் கணக்கு

அந்தக் கல்வியின் முதற்பாடம் நீங்கள் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் மூன்றாம் விதிதான். சுழல் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன; அதன் எதிர்விசை ஹெலிகாப்டரை மேலே தாங்குகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.22 கிலோகிராம். 4,000 மீட்டர் உயரத்தில் அது 0.82 கிலோகிராம்தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 6,000 மீட்டரில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருந்தால், இருப்பதை இன்னும் வேகமாகத் தள்ள வேண்டும். வேகம் கூடினால் செலவாகும் ஆற்றலும் கூடும். அந்தரத்தில் அசையாது நிற்பதற்கு இவ்வகையில் தேவைப்படும் திறன், அடர்த்தியின் வர்க்க மூலத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: 4,000 மீட்டரில் அதே எடையைத் தாங்க ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும்.

என்ஜினோ அங்கே குறைந்த திறனையே தருகிறது. அதற்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன்தானே உணவு! என்ஜினின் திறனும் அடர்த்தியின் விகிதத்திலேயே குறைவதாகக் கொண்டால், கடல் மட்டத்தில் மொத்தம் 3,000 கிலோகிராம் எடையோடு அந்தரத்தில் நிற்கக்கூடிய ஹெலிகாப்டர் 4,000 மீட்டரில் 2,000 கிலோகிராமோடுதான் நிற்க முடியும். அதன் சொந்த எடை, எரிபொருள், விமானி எல்லாம் சேர்ந்தே 2,000 கிலோகிராம் என்றால், மீட்கப்பட வேண்டியவருக்கு இடம் எங்கே? வெப்பநிலை 15 டிகிரி உயர்ந்தால் காற்றின் அடர்த்தி மேலும் 5 சதவீதம் குறையும். காலையில் இறங்க முடிந்த இடத்தில் நண்பகலில் முடியாமற் போகலாம்.

கண்ணும் கையும் ஏமாற்றும்

இரண்டாவது பாடம் காற்றோட்டம். மலைமீது காற்று மோதும் பக்கத்தில் அது சரிவோடு மேலே ஏறும். மறுபக்கத்தில் அருவிபோல் கீழே விழும். பயிற்சி பெறும் விமானி பள்ளத்தாக்கின் நடுவே பறப்பதில்லை. காற்று மேலேறும் பக்கத்தை ஒட்டிப் பறக்கக் கற்கிறார். அங்கே தூக்கு விசைக்குக் காற்றின் உதவி கிடைக்கும். திரும்ப வேண்டுமானால் பள்ளத்தாக்கின் முழு அகலமும் கையில் இருக்கும். மலைமுகட்டை நேர்க்கோணத்தில் கடக்காமல் சாய்வாகக் கடப்பதும் இதற்காகவே. கீழிறங்கும் காற்று பிடித்துக்கொண்டால் சிறிது திரும்பினாலே விலகிவிடலாம்.

மூன்றாவது பாடம் பனி. மேகம் மூடிய நாளில் பனிப்பரப்பில் நிழலே விழாது. மேடு எது, பள்ளம் எது, தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது. ஆகவே பாறை, கம்பம், பை போன்ற நிறமுள்ள பொருள் ஒன்றை அருகில் குறியாகக் கொண்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் இறங்கப் பழக்குகிறார்கள். அந்தரத்தில் நின்று தயங்கினால், கிளம்பும் பனிமேகம் ஹெலிகாப்டரையே மூடிவிடும். மேகம் பின்னாலிருந்து முன்னேறி வந்து குறியை மறைப்பதற்குள் தரையைத் தொட்டுவிட வேண்டும். தொட்ட பிறகும் என்ஜினின் திறனை உடனே குறைக்கக் கூடாது. பனி எடையைத் தாங்குமா என்று சிறிது சிறிதாகச் சோதிக்க வேண்டும். ஒரு பக்கக் கால் மட்டும் பனியில் புதைந்தால் ஹெலிகாப்டர் கவிழ்ந்துவிடும்.

நம் இயல்பான உணர்ச்சியே எதிரியாகும் ஒரு நிலையும் உண்டு. முன்னோக்கிய வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது செங்குத்தாக விரைந்து இறங்கினால், ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றின் சுழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது அது கல்லைப்போல் கீழே போகும். இன்னும் திறனைக் கூட்டி மேலே இழுக்க வேண்டும் என்றே கை துடிக்கும். அவ்வாறு மட்டும் செய்தால் நிலைமை மேலும் மோசமாகும். முன்புறமாகவோ பக்கவாட்டிலோ நகர்ந்து, அந்தச் சுழலைவிட்டு வெளியேறுவதே வழி. பக்கவாட்டில் விரைவாக வெளியேறும் முறையைப் பரப்பியவர் க்ளோட் வூய்ஷார் என்ற சுவிட்சர்லாந்து விமானி. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் கதாநாயகன் இங்கே பிழைக்க மாட்டான்.

இறங்கும் முன்பே விலகும் வழி

இத்தனையும் அறிந்த விமானி எப்படி இறங்குகிறார்? முதலில் உயரத்திலிருந்து அந்த இடத்தைச் சுற்றி வருகிறார். அதன் அளவு, வடிவம், சுற்றுப்புறம், சரிவு, பரப்பின் தன்மை ஆகிய ஐந்தையும் பார்க்கிறார். காற்றின் திசையை அறிகிறார். அதே உயரத்தில் பறந்து, இப்போது எவ்வளவு திறன் செலவாகிறது, கையிருப்பு எவ்வளவு என்று கருவிகளில் படிக்கிறார். சமதரைக்கு மிக அருகில் நிற்கும்போது சிறிது குறைந்த திறனே போதும். ஆனால் கூரிய முகட்டிலும் சரிவிலும் அந்தச் சலுகையை நம்பக் கூடாது. அது இல்லாமலே நிற்கத் திறன் உண்டா என்று பார்க்க வேண்டும். தேவையானால் ஒருமுறை இறங்குவது போல் வந்து, இறங்காமலே சென்று ஒத்திகை பார்க்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கத் தொடங்கும் முன்பே விலகிச் செல்லும் வழியைத் தீர்மானித்துக்கொள்கிறார். ஏதாவது சரியில்லை என்றால் எந்தப் பக்கம் திரும்பி எந்தச் சரிவின் வழியே கீழே போவது என்பது முன்னதாகவே முடிவாகியிருக்கும். என் கருத்தில் இந்தக் கல்வியின் உயிர்நாடி இதுதான். கணக்கு ஒத்துவரவில்லை என்று திரும்பும் விமானி கோழை அல்லர். அவர் தம் பாடத்தை நன்கு கற்றவர்.

“ஒருவர் உயிருக்குப் போராடும்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1996 மே 13ஆம் நாள் எவரெஸ்ட் சரிவில் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் பெக் வெதர்ஸ், மக்காலு காவ் என்ற இருவர் குளிரால் கடுமையாகப் பாதிக்கப்பட்டுக் காத்திருந்தனர். நேபாள இராணுவ விமானி மதன் கத்ரி செத்ரி அங்கே சென்றார். கீழே இருந்தவர்கள் சிவப்பு நிறப் பானத்தைப் பனிமேல் ஊற்றிப் பெரிய குறி இட்டிருந்தனர். அவர் இருவரையும் ஒன்றாக ஏற்றவில்லை. ஒருவரைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, மீண்டும் மேலே சென்று மற்றவரை அழைத்துவந்தார். நோயாளி ஒருவரைப் பனியில் விட்டுவிட்டுப் புறப்படுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் மெல்லிய காற்றில் இருவரையும் ஏற்ற முயன்றிருந்தால் மூவரின் உயிரும் போயிருக்கலாம். கணக்கு இங்கே இரக்கத்திற்குத் துணையாகவே நின்றது.

“இப்போது நல்ல இயந்திரங்கள் வந்துவிட்டனவே?” என்றும் கேட்கலாம். உண்மைதான். அலுவெட்-2இன் டர்பைன் என்ஜின் பெரும் முன்னேற்றம். அதன் வழியில், இந்தியாவின் தேவைக்காக உருவான ‘லாமா’ 1969இல் இமயமலைச் சோதனைகளில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி ஏறியது. அதையே ‘சீட்டா’ என்ற பெயரில் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்தது. 2005 மே 14ஆம் நாள் தீதியே தெல்சால் என்ற சோதனை விமானி தனியாகப் பறந்து எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கினார். ஆனால் நல்ல இயந்திரம் கிடைத்ததும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் உயரே, இன்னும் அதிக எடையோடு போகிறோம். கையிருப்புத் திறன் மீண்டும் பூச்சியத்தை நெருங்குகிறது. எல்லை சற்றுத் தள்ளிப் போயிற்றே தவிர, மறைந்துவிடவில்லை.

மாணவர்களே, இனி இத்தகைய மீட்புச் செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உயரம் எவ்வளவு? வெப்பநிலை என்ன? ஏற்றிய எடை எவ்வளவு? காற்று எப்பக்கம் வீசியது? விடை செய்தியில் இல்லாவிட்டால், உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு அமர்ந்து மதிப்பிட்டுப் பாருங்கள். வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் திரும்பிவிட்டது என்ற செய்தியைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் உங்களுக்கு உதவி வேண்டும் என்றால், வட்டமிடும் ஹெலிகாப்டரைப் பார்த்து இரு கைகளையும் மேலே விரித்துத் தூக்கி நிற்க வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் சாய்த்துக் காட்ட வேண்டும். இறங்கிய ஹெலிகாப்டரை நோக்கி மேட்டுப் பக்கத்திலிருந்து ஒருபோதும் செல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் இறக்கைகள் தலைக்கு மிக அருகில் சுழலும். விமானி அழைக்கும்வரை நின்ற இடத்திலேயே காத்திருங்கள்.