விளையாட்டிலும் மேல்வாரமா?

அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியின் கையிலும், பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவரின் மகன் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. அதில் விளையாட்டும் இருக்கிறது. உழைத்துக் களைத்தவன் சற்று நேரம் விளையாடினால் நாம் குறை கூற மாட்டோம். ஆனால், "விளையாடு, காசு வரும்" என்று ஒருவன் ஆசை காட்டினால், அந்தக் காசு யார் பைக்குப் போகிறது என்று கேட்டே தீர வேண்டும்.

ஆன்லைன் ரம்மி எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியது. 2022 அக்டோபரில் சட்டசபை நிறைவேற்றிய தடை மசோதாவைக் கவர்னர் நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சபை மீண்டும் நிறைவேற்றிய பிறகே அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கப் பார்லிமெண்டும் சட்டம் இயற்றியது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. உழைப்பைக் கறக்கும் வழி இன்னொன்று உண்டு. கூத்தில் வேடம் கட்டுவதுபோல் வேடம் பூண்டு ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில், பூதத்தைக் கொன்றால் பொற்காசு கிடைக்கும். திரையில் மட்டும் தெரியும் அந்தக் காசைப் பணக்கார நாட்டு ஆட்டக்காரர்கள் நிஜ டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அதற்காகவே கூலிக்கு ஆள் வைத்து ஆடவைக்கும் பட்டறைகள் சீனாவில் முளைத்தன. 2007-இல் நான்கிங் நகரப் பட்டறை ஒன்றின் கணக்கு பத்திரிகையில் வெளிவந்தது. இரவில் 12 மணி நேரம் கண் விழித்தவனுக்கு 100 காசுக்குக் கூலி ஒன்றேகால் டாலர். முதலாளி அதை விற்றது 3 டாலருக்கு மேல். வியாபாரி கடைசியில் விற்றது 20 டாலர் வரை!

2021-இல், கொரோனாவில் வேலையிழந்த பிலிப்பைன்ஸ் ஏழைகள் 'ஆக்ஸி இன்பினிட்டி' ஆட்டத்தில் இறங்கினர். அதை ஆட அப்போது மூன்று பிராணிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வாங்க வழியற்றவர்களுக்குப் பிராணிகளின் சொந்தக்காரர்கள் இரவல் கொடுத்தார்கள்; விளைந்ததில் பங்கு பிடித்துக்கொண்டார்கள். இது மேல்வாரம் அல்லாமல் வேறென்ன? 2021-இல் 30 செண்டுக்கு மேல் விற்ற அந்த நாணயம், 2022 நடுவில் ஒரு செண்டுக்கும் கீழே விழுந்தது.

இயந்திரமும் போட்டிக்கு வந்துவிட்டது. 'பாட்' என்ற, தானே ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் தூக்கமின்றி ஆடிக் காசைக் குவிக்கிறது. காசு குவிந்தால் விலை சரியும். விலை சரிந்தால் ஆடுகிறவனின் கூலி விழும். விதியை மீறினாய் என்று கம்பெனி கணக்கை மூடினால், பல நாள் உழைப்பு நொடியில் போகும். கேட்டால், அந்தக் காசு உன்னுடையதே அல்ல என்பார்கள்.

இயந்திரம் நமக்கு எதிரியல்ல. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 1956-இல் நியாய வாரச் சட்டம் கண்ட மண் இது. திரைக்குள் விளையும் நிலத்துக்கோ வார வரம்பும் இல்லை, கூலி வரம்பும் இல்லை. கூலிக்கு ஆடுபவனும் தொழிலாளியே. அவனுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். நம் இரு மாவட்ட இளைஞர்களுக்கு நியாயமான கூலியுடன் ஊரிலேயே வேலை வேண்டும்.

தோழர்களே! திரையில் மின்னும் காசை நம்பி இரவை இழக்காதீர்கள். சங்கத்தில் திரண்டு, உழைப்புக்கு உரிய நிஜக் காசைக் கேளுங்கள்!