ஆணியா, நாணயமா? காது சொல்லும்!

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். 1992 நவம்பரில் அங்கே ஒரு விவசாயி, வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது பரிசாகக் கிடைத்த மெட்டல் டிடெக்டர் அவரிடம் இருந்தது. நவம்பர் 16 அன்று அதை எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தேடப் போனார்.

கிடைத்ததோ வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் நாணயங்களும்! ரோமானியர் காலத்தில் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்த செல்வம். நாணயங்கள் மட்டுமே 14,865. அதில் 569 தங்கக் காசுகள்!

இதைப் படித்ததும், 'நாமும் ஒரு டிடெக்டர் வாங்கினால் என்ன?' என்று தோன்றும். ஆனால், நாள் முழுக்க வயலில் நடந்துவிட்டு வருகிறவரின் பையைத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த ஆணி, உடைந்த லாடம், போல்ட், சங்கிலித் துண்டு... பெரும்பாலும் இவைதான் இருக்கும். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் முதல் பாடமே, மண்ணுக்குள் இருப்பது இரும்புக் குப்பையா, நல்ல பொருளா என்பதைத் தோண்டும் முன்பே கணிப்பதுதான்.

மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிடெக்டரின் அடியில் வட்டமான தலைப்பகுதி இருக்கிறதல்லவா? அதற்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள், நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சின்னச் சின்ன மின் சுழல்கள் உண்டாகும். அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் பதிலை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்ளும்.

வெள்ளி, செம்பு போன்றவை மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. அவற்றின் பதில் கொஞ்சம் தாமதமாக வரும். இரும்பு தானே காந்தமாகிவிடும் குணம் கொண்டது. அதனால் அதன் பதில் வேறு மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை அளந்து, பல மெஷின்கள் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும். பொதுவாக இரும்புக்குக் குறைந்த எண், கட்டைக் குரல். வெள்ளிக்குப் பெரிய எண், கணீர் குரல்.

எண் சொல்வது எப்போதும் உண்மையா?

இல்லை. சின்னத் தங்க மோதிரமும், கூல்டிரிங்க்ஸ் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டலாம். வாஷர், லாடம், அகலமான தகடு போன்ற இரும்புச் சாமான்கள் வெள்ளியைப்போல கணீரென்று பாடி ஏமாற்றும். அதனால், அனுபவசாலிகள் திரையைவிடக் காதைத்தான் அதிகம் நம்புவார்கள்.

சத்தம் வந்த இடத்தில் 90 டிகிரி திரும்பி நின்று, மறுபடியும் ஆட்டிப் பாருங்கள். நாணயம் வட்டமானது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே சத்தம் வரும். நீளமான ஆணி ஒரு பக்கம் பாடும். மறுபக்கம் திக்கித் திணறும், அல்லது அடங்கிப்போகும்.

அடுத்து எண்ணைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்றால் நல்ல அறிகுறி. குதித்துக்கொண்டே இருந்தால் இரும்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு, டிடெக்டரை மெல்ல மேலே தூக்குங்கள். நாணயத்தின் சத்தம் சீக்கிரம் தேய்ந்துவிடும். நன்றாகத் தூக்கிய பிறகும் விடாமல் கத்தினால், கீழே பெரிய உலோகப் பொருள் ஏதோ கிடக்கிறது.

ஒதுக்கினால் வரும் ஆபத்து

'இரும்புக்குச் சத்தமே வேண்டாம்' என்று மெஷினில் ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. புதிதாக வாங்குபவர்கள் முதலில் செய்வது இதைத்தான். ஆனால், ஆணிக்குப் பக்கத்திலேயே வெள்ளிக்காசு இருந்தால்? ஆணியோடு சேர்த்துக் காசின் குரலையும் மெஷின் விழுங்கிவிடும். ஆணிகள் நிறைந்த பழைய வீட்டு மனைகளில் இது சகஜம். அங்கே சின்னத் தலையுள்ள டிடெக்டரை மெதுவாக ஆட்டி, இரும்பின் சத்தத்தையும் காதில் வாங்கிக்கொண்டே தேட வேண்டும். ஆணிகளின் கரகரப்புக்கு நடுவே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கணீரென்று கேட்டாலும், அதைத் தோண்டிப் பார்ப்பதே நல்லது.

இரும்பு இப்படிக் குழப்புவது இன்று நேற்றல்ல. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், இதற்காகவே ஒரு கருவி செய்து எடுத்து வந்தார். கருவியில் கேட்ட சத்தமோ குழப்பியது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது! போதாததற்கு, தலைமை மருத்துவர் வலப்பக்கம் மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்துபோனார்.

இலங்கையின் வடக்கில் மிதிவெடி அகற்றுகிறவர்களுக்கு, 'இது வெறும் ஆணி' என்று கடந்துபோகும் சலுகையே கிடையாது. அவர்களில் பெண்கள் ஏராளம். பிளாஸ்டிக்கால் செய்த மிதிவெடியில் உலோகம் என்பது ஒரு சின்ன ஊசியாகக்கூட இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டு, கையால் மண்ணை மெல்ல மெல்ல விலக்கிப் பார்க்கிறார்கள். நூறாவது முறை ஆணி வந்தாலும், நூற்றியோராவது சத்தத்துக்கும் அதே நிதானம்.

கிடைத்தால் என்ன செய்வது?

நம் நாட்டில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது.

எரிக் லாஸும் அவருடைய நண்பரும் அதைத்தான் செய்தார்கள். மேலும் தோண்டாமல் உடனே தகவல் கொடுத்தார்கள். மறுநாளே தொல்லியல் குழு வந்து, எந்தப் பொருள் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது கலையாமல் பெட்டியின் மிச்சங்களோடு எடுத்தது. பரிசாகக் கிடைத்த 17.5 லட்சம் பவுண்டை லாஸ் நண்பரோடு பகிர்ந்துகொண்டார்.

அந்தச் சுத்தியல்? அதுவும் கிடைத்துவிட்டது. ஒதுக்கித் தள்ளவில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தங்கம் போய்ச் சேர்ந்ததும் அதே மியூசியத்துக்குத்தான்!