பந்தாடும் மகளிரும் பரிசிலும்

பந்தாடும் மகளிர் தமிழுக்குப் புதியவர் அல்லர். சிலப்பதிகாரத்திலே கந்துகவரி உண்டு. பெருங்கதையிலோ மங்கையர் பந்தடித்துப் போட்டியிடுகின்றனர். ஒவ்வொருத்தியும் அடித்த அடிகளைக் கொங்குவேளிர் எண்ணியே கூறுகின்றார். ஆயினும், மானனீகையின் கைத்திறன் உதயணன் கொண்ட காதலிலும் மணத்திலும் சென்று முடிகின்றது. பெண்ணின் ஆட்டம் மணப்பந்தல் வரைதான் என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் அழிந்திலது.

அவ்வெண்ணத்தை மறுக்கும் வாழ்வு சென்னையிற் பிறந்த தீபிகா பள்ளிக்கலுடையது. அவர் ஆடுவது ஸ்குவாஷ். நான்கு சுவர்களுக்குள்ளே நின்று, சிறிய இறப்பர்ப் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்கும் ஆட்டம். அதில் உலகின் முதற் பதின்மருள் ஒருவராக 2012 இல் உயர்ந்த முதல் இந்தியப் பெண் இவரே. 2014 இல் கிளாஸ்கோவில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவிலே, ஜோஷ்னா சின்னப்பாவோடு இணைந்து இரட்டையர் ஆட்டத்திற் பொற்பதக்கம் பெற்றார்.

இவ்வெற்றிகளினும் மேலாக யான் மதிப்பது அவர் ஆட மறுத்த ஆண்டுகளையே. இந்தியத் தேசியப் போட்டியிலே பெண்டிர்க்குரிய பரிசுத்தொகை ஆடவர்க்குரியதிலும் குறைவாயிருந்தது. அதனால் 2012 முதல் 2015 வரை அவர் அப்போட்டியிற் கலந்துகொள்ளவில்லை. 2016 இல் தொகை சமமாயிற்று. அவர் மீண்டு வந்தார், பட்டத்தையும் வென்றார்.

“ஆடவர் ஆட்டத்துக்கே கூட்டம் கூடும், வருவாய்க்கேற்பவே பரிசு” என்பார் உளர். சந்தைக்கு அது பொருந்தலாம். தேசத்தின் பெயரால் நடைபெறும் போட்டி சந்தை அன்று. அங்கே வழங்கப்படுவது கூலியும் அன்று; மதிப்பு. அதனைக் குறைத்து அளப்பது ஆட்டத்தையே குறைத்து அளப்பதாகும்.

2021 இல் அவர் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். மறு ஆண்டே உலக இரட்டையர் போட்டியில் இரு பட்டங்களை வென்றார். 2023 இல் ஹாங்சூ நகரிலே ஆசிய விளையாட்டு விழாவின் கலப்பு இரட்டையர் பொற்பதக்கமும் அவர் கைக்கு வந்தது. மணப்பந்தலுக்கு அப்பாலும் ஆட்டம் உண்டு என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ?

எமது திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலும் வலைப்பந்தாட்டத்தில் ஊக்கமுடைய மாணவியர் பலர். அவர்களிடம் “பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி ஆட்டம் எதற்கு?” என்று வீடு கேட்கின்றது. பாடசாலையாவது வேறு விடை சொல்ல வேண்டாவா? பரிசளிப்பு விழாவொன்றிலே வென்ற மாணவனுக்கு வெள்ளிக் கிண்ணமும், வென்ற மாணவிக்குப் பீங்கான் கோப்பையும் வழங்கக் கண்டேன். அம்மாணவி ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஆசிரியப் பெருமக்களே, பெரிய சீர்திருத்தம் எதனையும் யான் வேண்டவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு கிண்ணங்களையும் ஒரே கடையில், ஒரே விலைக்கு வாங்குவோம்.