சைக்கிள் விலை குறைஞ்சாச்சு... ஓட்டுறதுக்கு ரோடு எங்கே பாஸ்?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள சைக்கிள் என்றால், 700 ரூபாய் மிச்சம். பெட்ரோல் செலவு இல்லை, ஜிம் ஃபீஸ் தேவையில்லை. 5 கி.மீ தூரத்தில் ஆபீஸ் இருந்தால், நிதானமா மிதிச்சாலும் அரை மணி நேரத்துக்குள் போயிடலாம்.

இவ்வளவு இருந்தும் சென்னையில் பல சைக்கிள்கள் ஞாயிறு காலை மட்டும் வெளியே வந்துட்டு, மீதி ஆறு நாளும் பால்கனியில் துணி காயப்போடத்தான் உதவுகின்றன. 'சோம்பேறித்தனம்' என்று சொல்லிவிடுவது ஈஸி. ஆனால், உண்மையான காரணம் ரோட்டின் இடது ஓரத்தில் இருக்கிறது.

அந்த மூணு அடி!

சைக்கிளுக்கு நம் ஊர் ஒதுக்கியிருப்பது ரோட்டோரத்தில் மூணு அடி. அதிலும் பங்காளிகள் அதிகம். ஸ்டாப்புக்கு ஒதுங்கும் பஸ், சவாரிக்காக சட்டென நிற்கும் ஆட்டோ, ராங் சைடில் வரும் பைக், பள்ளத்தில் இறங்கியிருக்கும் மேன்ஹோல் மூடி எல்லாம் அங்கேதான். மழைநீர் போகும் இரும்புக் கம்பி மூடியில், கம்பிகள் ரோட்டின் நீளவாக்கில் இருந்தால் ஒல்லியான டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும்.

இதையெல்லாம் தவிர்க்க வலது பக்கம் வந்தால், பின்னாலிருந்து ஹார்ன். ஆனாலும், ஓரத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருவதுதான் பெரிய ரிஸ்க். பின்னால் வருபவருக்கு உங்கள் அடுத்த மூவ் தெரியாது. நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி, ஒரே நேர்கோட்டில் ஓட்டுவது நல்லது. பஸ்ஸுக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் நடுவே நுழையவே கூடாது. டிரைவர் கண்ணில் நீங்கள் படாமலே போகலாம்.

எதை முதலில் வாங்கணும்?

* லைட்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. கையில் காசு குறைவு என்றால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

* ஹெல்மெட்: ஐரோப்பாவின் இ.என் 1078 தரச் சோதனையில், சைக்கிள் ஹெல்மெட் மணிக்குச் சுமார் 20 கி.மீ வேகத்தில் கீழே மோதவிடப்படுகிறது. அதாவது, நாமாக விழும்போது தலையைக் காப்பதற்கானது. 60 கி.மீ வேகத்தில் வரும் கார் மோதினால் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிடுங்க.

* மட்கார்டு, கேரியர்: 'ஸ்டைலான' மாடல்கள் பலவற்றில் இரண்டும் இருக்காது. மழை நாளில் சட்டை முதுகில் சேற்றுக்கோடு, வெயில் நாளில் பேக்பேக் அடியில் வியர்வை. பையை கேரியரில் கட்டினாலே பாதிப் பிரச்னை தீரும்.

* பூட்டு: சக்கரத்தை மட்டும் பூட்டினால் திரும்பி வரும்போது சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். ஃபிரேமையும் சேர்த்து கம்பத்தோடு பூட்டுங்க.

21 கியர்? சென்னை சமதளமான ஊர். மேம்பாலம் ஏறும்போது தவிர அதற்குப் பெரிய வேலை இல்லை.

ஆபீஸ் வாசலில்...

ரோட்டைச் சமாளித்து வந்தால், 'சைக்கிளுக்கெல்லாம் பார்க்கிங் இல்ல தம்பி' என்கிறார் செக்யூரிட்டி. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் வரை நிறுத்தலாம். ஆனாலும், நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. முகம் கழுவி சட்டை மாற்ற ஓர் இடம் கேட்டால், ஹெச்.ஆர் சிரிப்பார்.

காகிதத்தில் ஓடும் சைக்கிள்

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் என்றே 2014-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது சென்னை மாநகராட்சி. போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவிகிதம் இவர்களுக்கு என்றது அந்தக் கொள்கை. இன்று உங்கள் ஏரியா மெயின் ரோட்டில் தடையில்லாத சைக்கிள் பாதை எத்தனை மீட்டர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 4,000-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். வேகம் 30-லிருந்து 60 ஆனால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் பெரிய ரோட்டில் தனிப் பாதையும், தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் தேவை. இதைக் கடையில் வாங்க முடியாது.

இது லைஃப்ஸ்டைல் ஆசை மட்டும் இல்லை. நைட் டியூட்டி முடித்துப் போகும் வாட்ச்மேன், கேனில் டீ விற்பவர், ஹவுஸ்கீப்பிங் அக்கா... இவர்களுக்கு 'இன்னிக்கு கேப் புக் பண்ணிக்கலாம்' என்ற ஆப்ஷனே இல்லை. அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளைகள் வேலைக்காக நகரத்துக்கு வரும்போது, அதே சைக்கிளை ஓட்ட இடமில்லை.

நாளைக்கே தனிப் பாதை வந்துவிடாது. ஆனால், உங்கள் ரூட்டில் டயரை விழுங்கும் மூடியோ, இருட்டாகக் கிடக்கும் ஓரமோ இருந்தால், இடத்தைக் குறித்து 1913-க்கு புகார் செய்யுங்கள். ஆபீஸில் இன்னும் நாலு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் ஸ்டாண்டு கேளுங்கள். நீங்கள் கேட்டு வாங்கும் ஸ்டாண்டு, அந்த வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்!