தாய்மொழி எழுத்து இல்லாத போர்ட்ஃபோலியோக்கள்

இந்திய வடிவமைப்புக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் வேலைக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோக்களில் பத்தை எடுத்து வரிசையாகப் புரட்டிப் பார்த்தால், அவற்றைப் பத்துப் பேர் செய்தார்கள் என்று நம்புவது கடினம். எங்கும் இல்லாத ஒரு காப்பிக் கடைக்கு இலச்சினை. வெளிநாட்டு இசைச் செயலி ஒன்றுக்கு எவரும் கேட்காத மறுவடிவமைப்பு. வெளிர்நிறப் பின்னணியில் சாய்ந்து மிதக்கும் கைபேசித் திரைகள். ஒரு சோப்பு உறை, இரண்டு மூன்று சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் எழுத்து ஆங்கிலம். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வைத்திருக்கும் நாடு இது. ரூபாய்த் தாளின் பின்புறக் கட்டத்தில் 15 மொழிகளில் மதிப்பை அச்சிடும் நாடு. இங்கே எழுத்தையே தொழிலாகக் கொள்ளப்போகும் ஒருவரின் தகுதிச் சான்றில் இந்திய எழுத்து ஒன்றுகூட இல்லை. மாணவரும் ஆசிரியரும் வேலைக்கு எடுப்பவரும் இதைக் குறையாகக் கருதுவதில்லை என்பதே பெருங்குறை.

வரைகலைத் துறையில் போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு தனிமதிப்பு உண்டு. பொறியியலிலும் மேலாண்மையிலும் எந்தக் கல்லூரி, எத்தனை மதிப்பெண் என்பவை விண்ணப்பதாரரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. வடிவமைப்பில் மட்டும் செய்த வேலையை விரித்துக் காட்டலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவரும், மாவட்டத் தலைநகரில் ஒரு பாலிடெக்னிக்கில் படித்தவரும் ஒரே மேசையில் தம் வேலையை வைக்கலாம் என்பது இத்துறை இளைஞர்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்குதான் இப்போது மீறப்படுகிறது. எல்லோரும் ஒரே வகை வேலையை, ஒரே மொழியில், ஒரே பளபளப்புடன் காட்ட வேண்டும் என்றானபின், அந்தப் பளபளப்பைச் சிறுவயது முதல் பழகியவரே வெல்வார். மற்றவர் அவருடைய நிழலாக நிற்பார்.

இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் காண, போர்ட்ஃபோலியோவில் இடம்பெறாதவற்றைப் பார்க்க வேண்டும். நாக்பூரிலோ மதுரையிலோ அசன்சோலிலோ ஒரு மாணவர் படிப்புச் செலவுக்காக இரண்டு ஆண்டுகள் மாலைநேரத்தில் அச்சகத்திலோ டிடிபி மையத்திலோ வேலை செய்திருப்பார். திருமண அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என நூற்றுக்கணக்கானவற்றை அமைத்திருப்பார். நாற்பது உறவினர் பெயர்களை, முறையும் மரியாதையும் பிறழாமல், ஒரே அட்டையில் அடக்குவது எவ்வளவு கடினமான தகவல் வடிவமைப்பு என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும். நேரக்கெடு, மலிவான தாள், வாடிக்கையாளரின் பிடிவாதம், இருமொழி உரை ஆகிய அத்தனை உண்மையான நெருக்கடிகளும் அந்த வேலையில் இருந்தன. வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவை அனைத்தையும் அவர் ஒதுக்கிவிடுகிறார். அவருடைய கண்ணில் அவை ‘லோக்கல்’. அவற்றின் இடத்தில், தாம் ஒருமுறையும் குடித்திராத காப்பியின் கற்பனைக் கடைக்கு ஆங்கிலத்தில் இலச்சினை வரைகிறார். தமக்கு நன்றாகத் தெரிந்ததை மறைத்துவிட்டு, அரைகுறையாகத் தெரிந்ததைக் காட்டிப் போட்டியிடுகிறார். தோற்றால் தம்மிடம் திறமை இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறார்.

இந்தக் கூச்சம் இயல்பாக வந்ததன்று, கற்பிக்கப்பட்டது. பல கல்லூரிகளில் எழுத்துருவியல் பாடம் கராமண்டில் தொடங்கி ஹெல்வெட்டிகாவில் முடிகிறது. இந்திய எழுத்துகள் ‘வெர்னாகுலர்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு சிறு பயிற்சியாகச் சுருங்குகின்றன. நாட்டின் பெரும்பான்மை வாசகர்கள் படிக்கும் எழுத்தைத் தனி விருப்பப் பாடமாக்கிய கல்வி, எது இயல்பு எது விலக்கு என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. எஞ்சியதை பிஹான்ஸ், டிரிபிள் போன்ற தளங்கள் செய்து முடிக்கின்றன. அங்கே ஒரு வேலை முதலில் சிறு சதுரமாகத் தோன்றுகிறது; அந்தச் சதுரத்தில் எழுத்தை எவரும் படிப்பதில்லை, அதன் தோற்றத்தை மட்டும் பார்க்கிறார்கள். படிக்கப்படாத எழுத்து எந்த மொழியில் இருந்தாலென்ன என்றுகூடக் கேட்காமல், அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்திய வடிவமைப்பின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1958-இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, அன்றாட வாழ்வில் புழங்கும் சொம்பை வடிவமைப்பின் உயர்ந்த சான்றாக எடுத்துப் பேசியது. அந்த அறிக்கையின் வழியே 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. மும்பை ஐஐடியின் தொழில்வடிவமைப்பு மையம் 1969-இல் தொடங்கப்பட்டது. அங்கே கற்பித்த ஆர். கே. ஜோஷி, விளம்பரத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியபின் இந்திய எழுத்துகளின் வடிவத்துக்கே வாழ்வை ஒப்படைத்தவர். விண்டோஸ் கணினிகளில் இந்தியைப் படிக்கவைத்த ‘மங்கள்’ எழுத்துரு அவருடைய வடிவமைப்பு. 2010-இல் தேர்வான ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார், அதே மையத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர். தமிழ் எழுத்துருவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். தேவநாகரியின் ‘ர’வையும் உரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒரே வடிவத்தில் இணைத்த அக்குறியீடு, இரண்டு எழுத்துமுறைகளையும் உள்ளிருந்து அறிந்த கையின் வேலை. நாட்டிலுள்ள ஒவ்வொரு விலைச்சீட்டிலும் இருக்கும் வடிவமைப்பு அது. அத்தகைய வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சி ஒன்றேனும் இன்றைய மாணவரின் போர்ட்ஃபோலியோவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்திய எழுத்தை அமைப்பது ஆங்கிலத்தை அமைப்பதைவிடக் கடினம் என்பதால், திறமையை அளக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. தேவநாகரி தலைக்கோட்டிலிருந்து தொங்குகிறது. உரோமன் எழுத்து அடிக்கோட்டின்மேல் நிற்கிறது. இரண்டையும் ஒரே வரியில் சமமாகத் தோன்றச் செய்யக் கண் பழக வேண்டும், எண் மட்டும் போதாது. ஆங்கிலத் தலைப்பில் அழகுக்காக எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டும் பழக்கத்தை அப்படியே இந்திக்குக் கொண்டுபோனால் தலைக்கோடு துண்டுதுண்டாக அறுபடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே தலைப்பை முதன்மைப்படுத்த எடையும் அளவும் இடமுமே துணை. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் இரண்டு நீண்ட சொற்களாகி விளிம்பைத் தாண்டும். உருதுவின் நஸ்தலீக், வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவதால் வரிக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் கேட்கும். 1971-இல் கேரள அரசு சீர்திருத்திய மலையாள எழுத்தைப் பயன்படுத்துவதா பழைய கூட்டெழுத்துகளைப் பயன்படுத்துவதா என்பதும், 1978-இல் தமிழ்நாட்டில் சீரமைக்கப்பட்ட வடிவங்களுக்கு முந்தைய ‘லை’யை ஒரு பழங்காலச் சுவரொட்டியில் மீட்பதா என்பதும் வடிவமைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவுகள். மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்கத் தவறினால், ‘பெண்’ என்ற சொல்லின் கொம்பு பகரத்தின் முன்னே வராமல் பின்னே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சிதைந்த எழுத்துடன் அச்சாகும் பதாகைகள் நாட்டில் குறைவில்லை. அவற்றைச் செய்தவர்களிடம் அழகுணர்வு இருந்திருக்கலாம். எழுத்தறிவைச் சோதித்து வேலைக்கு எடுத்தவர் ஒருவரும் இல்லை.

மறுப்புகள் மூன்று எழும். முதலாவது, வேலை கொடுக்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள் என்பது. ஓரளவு உண்மை; ஆனால் வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் பல மொழிகளில் வருகின்றன, தேர்தல் விளம்பரங்களும் மருத்துவமனை வழிகாட்டிப் பலகைகளும் ஆங்கிலத்தில் மட்டும் இயங்குவதில்லை. இரயில் நிலையப் பெயர்ப்பலகை வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்றைச் சுமக்கிறது. உணவுப் பொட்டலங்களில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும், பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்கிறது விதி. கட்டாயம் இல்லாத இடத்தில் மொழி நுழைவதும் நுழையாததும் வடிவமைப்பாளர் இடம் கண்டுபிடித்துத் தருவதைப் பொறுத்தே அமைகிறது.

இரண்டாவது மறுப்பு, பெங்களூருவில் அமர்ந்து போர்ட்ஃபோலியோ பார்ப்பவருக்குத் தமிழோ ஒடியாவோ படிக்கத் தெரியாது என்பது. எழுத்துருவியலை மதிப்பிட மொழி தெரிந்தாக வேண்டியதில்லை. வரிகளின் நெருக்கம், எடைகளின் சமநிலை, இரு எழுத்துகள் ஒன்றையொன்று மதித்து நிற்கும் விதம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும். தெரியாததை மாணவர் இரண்டு வரியில் விளக்கலாம். அந்த விளக்கமே அவருடைய சிந்தனைக்குச் சான்று. மூன்றாவது, நல்ல எழுத்துருக்கள் கிடைப்பதில்லை என்பது. இது காலாவதியான சாக்கு. எக் டைப் குழுவின் முக்தா, பலூ ஆகியவையும், பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரானும், நோட்டோ தொகுதியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்களுக்கும் காசு வேண்டாம்.

ஆகவே மாணவர் செய்ய வேண்டியது தெளிவு. போர்ட்ஃபோலியோவில் ஐந்து அல்லது ஆறு வேலைகள் போதும். அவற்றில் இரண்டேனும் தம் மொழியில் இருக்கட்டும். கற்பனைக் காப்பிக் கடைக்குப் பதிலாக, தம் ஊர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு இருமொழி வழிகாட்டி, தாலுகா அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம், பேருந்து நேர அட்டவணை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பழைய வடிவத்தைப் படமெடுத்து, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நின்று பார்த்து, முதல் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டட்டும். மிதக்கும் கைபேசிப் படத்தைவிட, நான்கு பேரிடம் கொடுத்து நிரப்பச் சொன்ன படிவத்தின் கசங்கிய தாள் அதிகம் பேசும். அச்சகத்தில் செய்த அழைப்பிதழையும் அவர் வெளியே எடுக்கட்டும். நெருக்கடி என்ன, தம் பங்கு எது, அச்சுக்குப் போனபின் எது தவறியது என்று ஒரு பத்தி எழுதட்டும்.

அச்சக வேலையைக் காட்ட உரிமை உண்டா என்ற தயக்கமும் பலரை நிறுத்துகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியாளராக இருந்து செய்த வேலையின் முதல் உரிமையாளர் முதலாளியே. ஆனால் அது தம் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு படைப்பாளருக்குத் தனியே வழங்குகிறது. பதிப்புரிமை கைமாறினாலும் அது நீங்குவதில்லை. அச்சக உரிமையாளரிடம் ஒரு வரி அனுமதி வாங்கி, அழைப்பிதழில் உள்ள பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மறைத்து, ‘என் வேலை’ என்று தலைநிமிர்ந்து காட்டலாம்.

மாணவர் மட்டும் திருந்தினால் போதாது. விளையாட்டின் விதியை எழுதுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் இறுதியாண்டு மதிப்பீட்டில் ஓர் இந்திய எழுத்துப் பணியைக் கட்டாயமாக்க வேண்டும். அதை ‘வெர்னாகுலர்’ என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். வேலைக்கு எடுப்பவர்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: ‘உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஓர் இந்திய மொழியில் செய்த ஒரு வேலையை இணைக்கவும்.’ அந்த ஒரு வரிக்குச் செலவு ஏதும் இல்லை. அதைச் சேர்த்த மறுநாளே, இதுவரை ஒளித்துவைக்கப்பட்ட அழைப்பிதழ்களும் ஆண்டு மலர்களும் சங்க அறிக்கைகளும் வெளியே வரத் தொடங்கும். அவற்றுள் பல சுமாராக இருக்கும். சில, கற்பனைக் காப்பிக் கடைகளைவிடப் பல மடங்கு மேலாக இருக்கும். அந்தச் சிலரை இத்துறை இத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.