முதலில் மழை, பிறகே மஞ்சள்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள நம் மஹல்லாக்களில் சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. நிக்காஹ் நாள் குறித்தவுடன் வண்ணம் பூசுபவரை அழைக்கிறார்கள். கூடத்தின் ஒரு சுவரேனும் அம்பர் கலந்த பொன்னிறத்தில் இருக்க வேண்டும்; விளக்கொளி பட்டால் தேன்போல் மின்ன வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு சுவர் என்றால் இங்கே நான்கு சுவர்கள். கையில் பணம் இல்லையா? தவணைக் கடன் இருக்கிறது, நகை அடகு இருக்கிறது. இரண்டிலும் வட்டி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

நிறத்தோடு நமக்குப் பகை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்; ஏனெனில், ‘மஞ்சள் ஹராம்’ என்று ஆதாரமின்றித் தீர்ப்பளிப்போரும் நம்மிடையே உண்டு. பனூ இஸ்ராயீலர்களுக்குக் கட்டளையிடப்பட்ட பசுவை, காண்போரை மகிழ்விக்கும் மஞ்சள் நிறமுடையது என்றே குர்ஆன் வர்ணிக்கிறது (2:69). தன் அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்றும் அது வினவுகிறது (7:32). நம் முன்னோரும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கரைத்துச் சுவருக்குப் பூசியவர்களே. எனவே நம் வழக்கு நிறத்தின் மீதன்று, வரிசையின் மீது. எது முதலில், எது பிறகு என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களிடம் விடை இருக்கிறது. பள்ளிவாசல் கட்டுமாறு பணித்தபோது, மக்களை மழையிலிருந்து காக்கும்படி சொன்ன அவர்கள், சிவப்போ மஞ்சளோ பூசி மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்திவிடாதே என்றும் எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அது பள்ளிவாசலுக்குச் சொல்லப்பட்டது, வீட்டுக்கன்று எனச் சிலர் கூறலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அல்லாஹ்வின் இல்லத்துக்கே முதல் தேவை மழைத் தடுப்புதான் என்றால், நம் இல்லத்துக்கு மட்டும் முதல் தேவை மின்னும் சுவராகிவிடுமா?

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின் நம் மத்ரஸா மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். கூரைத் தளத்தின் விரிசல் வழியே நீர் இறங்கி, அந்தப் பிள்ளையின் ஜுஸ்உகள் நனைந்து ஒட்டிக்கிடந்தன. அக்காளின் திருமணத்துக்காகப் பூசிய பொன்னிறச் சுவரோ கொப்புளம் கொப்புளமாக உப்பி, கைபட்டவுடன் தகடு தகடாக உதிர்ந்தது. தவணை மட்டும் உதிரவில்லை. அது மாதந்தோறும் தவறாமல் வருகிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் எமல்ஷனோ ஈரத்தின் வழியை அடைக்கும். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்துப் பூச்சையே தள்ளிவிடும். விரிசலை அடைக்காமல் பட்டி பார்த்து மேலே வண்ணம் தீட்டுவது, புண்ணைக் கழுவாமல் அதன்மேல் பட்டுத்துணி சுற்றுவதற்கு ஒப்பாகும்.

‘அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் அல்லவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், நபிமொழிதான். ஆனால் அந்த நபிமொழி அத்தோடு முடியவில்லை. பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும் ஆகும் என்று அதிலேயே விளக்கப்படுகிறது (முஸ்லிம்). பாதியை மனனம் செய்துகொண்டு மீதியை விட்டுவிடுவது என்ன நியாயம்? நம் சுவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஏழைத் தந்தை, தன் மகளுக்கும் இப்படி ஒரு சுவர் வேண்டுமே என்று உறக்கமின்றிக் கிடந்தால், அந்தச் சுவர் அழகின் சுவரா, பெருமையின் சுவரா?

‘அல்லாஹ் தந்த அருட்கொடை அடியானிடம் வெளிப்படுவதை அவன் விரும்புகிறான்’ என்பது அடுத்த வாதம். அதுவும் உண்மையே. ஆனால் அருட்கொடை வேறு, கடன் வேறு. வட்டிக்கு வாங்கிய பணத்தில் வெளிப்படுவது அல்லாஹ்வின் அருளன்று. அவன் போர்ப் பிரகடனம் செய்திருக்கும் பாவம் (2:279).

இப்னு உமர் (ரலி) அவர்களின் இல்லத் திருமண விருந்துக்கு வந்த அபூ அய்யூப் (ரலி) அவர்கள், சுவரில் திரை தொங்குவதைக் கண்டார்கள். பெண்கள் எங்களை மிகைத்துவிட்டனர் என்று இப்னு உமர் (ரலி) காரணம் சொல்லியும், உணவு உண்ணாமல் திரும்பிவிட்டார்கள். புகாரியில் வரும் இந்நிகழ்வைப் பாடம் நடத்தும் நாம் என்ன செய்தோம்? மேலே சொன்ன அந்த வீட்டின் வலீமாவுக்கு நாமும் சென்றோம். சுவரைப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்றோம். வயிறார உண்டோம், பரக்கத்துக்கு துஆவும் ஓதினோம். தலைக்கு மேலிருந்த விரிசலைப் பற்றியோ, பணம் எங்கிருந்து வந்தது என்றோ ஒரு சொல் கேட்கவில்லை. அந்தத் தந்தையைக் குறை கூறும் முன் உஸ்தாதுகளாகிய நம் நாவைத்தான் குறை கூற வேண்டும். பெண்கள்மீது பழிபோட்டுத் தப்பிப்பதும் முறையன்று. ‘வீட்டில் கேட்கிறார்கள்’ என்று சொல்லும் ஆண்களே பெரும்பாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள்.

ஆகவே நம் மஹல்லாக்களுக்கு நாம் முன்வைப்பது இதுவே. ஐப்பசிக்கு முன் கூரையைப் பாருங்கள்; விரிசலை அடையுங்கள்; சுவரின் ஈரம் உலரட்டும். கடன் இருந்தால் அதை முதலில் அடையுங்கள். அதற்குப் பிறகும் கையில் ஹலாலான பணம் மிஞ்சினால், பொன்னிறமோ வேறு நிறமோ உங்கள் விருப்பம். யாரும் தடுக்க முடியாது. அப்போதும் டப்பாவைப் படித்து வாங்குங்கள். மஞ்சள் நிறத்துக்காகச் சில வண்ணங்களில் ஈயக் கலவை சேர்க்கப்பட்டதுண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். தரையில் தவழ்ந்து, உதிர்ந்ததை வாயில் வைக்கும் குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணப் பதிவேட்டைத் திறக்கும்போது மஹர் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இந்தத் திருமணத்துக்கு வட்டிக் கடன் எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தால், வட்டியில்லாக் கடனுக்கு வழி தேட வேண்டிய பொறுப்பு நம் அனைவர்மீதும் விழும்.

மழைக்கு ஒதுங்க இடமும், வட்டியில்லாத உறக்கமும், போட்டியில்லாத உள்ளமும் நம் வீடுகளுக்கு வாய்க்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.