ஐநூறு வருஷக் கூரைக்கு வயசு என்ன?

டெவன் பக்கம் காரில் போனால் தடித்த மண் சுவரும் கனமான வைக்கோல் கூரையுமாக வீடுகள் வரும். பின் சீட்டிலிருந்து கேள்வியும் வரும்: "அந்தப் புல்லு ஐநூறு வருஷமா அப்படியேவா இருக்கு?"

பாதி ஆமாம், பாதி இல்லை.

முதலில் சுவர். களிமண்ணும் வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து மிதித்துக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்ட சுவர் அது. 'கோப்' என்பார்கள். நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் போதும், கோப் சுவர் நிற்கும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. பூட்ஸ், கீழே இருக்கிற கல் அடித்தளம். தொப்பி, கூரை.

அந்தத் தொப்பி ஏன் அவ்வளவு செங்குத்தா இருக்கு? சரிவு சுமார் 50 டிகிரி. மழைத்தண்ணி தாளுக்குத் தாள் தாவி, உள்ளே இறங்குவதற்குள் கீழே ஓடிவிடும். நனைவது மேல் அடுக்கு மட்டும்தான். ஓரம் நன்றாக வெளியே நீட்டியிருப்பதால் தண்ணி சுவரில் படாமல் தள்ளி விழும். பெரும்பாலும் மழைக்குழாயே கிடையாது.

இப்போ வயசுக்கு வருவோம். முகட்டை 10-15 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். கோதுமை வைக்கோல் கூரை என்றால் இருபது, முப்பது வருஷம். நாணல் அதைவிட அதிகம். ஆனால் வைக்கோல் கூரையை மாத்தும்போது எல்லாத்தையும் பிரிப்பதில்லை. மக்கின மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, பழசின் மேலேயே புதுசு வேய்வார்கள். எங்க வேலையில் பழைய கோடைத் தொடாமல் மேலே மேலே எழுதுகிற மாதிரி.

அதனால் சில டெவன் வீடுகளில் அடி அடுக்கு இடைக்காலத்தைச் சேர்ந்தது. கரிய நிறம். அப்போ புகைபோக்கி கிடையாது. நடுக் கூடத்தில் தீ மூட்டுவார்கள், புகை கூரை வழியே கசிந்து போகும். அந்தப் புகைக்கரி ஏறின வைக்கோலில் அன்றைய கோதுமை, ரை கதிர்களும் வயல் களைகளும்கூட அப்படியே கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு அது புதையல்.

சிக்கல் இப்போதான். இன்றைய கோதுமை குட்டை ரகம், அறுவடை இயந்திரம் தாளையும் நொறுக்கிவிடும். கூரைக்கு நீளமான, உடையாத தாள் வேணும். அதற்காகவே சில விவசாயிகள் 'மாரிஸ் விட்ஜன்' மாதிரி உயரமான ரகங்களை விதைத்து, பழைய கட்டுக்கட்டும் இயந்திரத்தில் அறுக்கிறார்கள். அவர்களும், வேயத் தெரிந்தவர்களும் இல்லாவிட்டால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற பட்டம் மட்டும் மழையைத் தடுக்காது. ஒரு தலைமுறை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால், தண்ணி மேலிருந்து இறங்கும். மரம் உளுக்கும், மண் சுவர் கரையும். அந்த வீடு இன்னிக்கும் நிற்கிறதென்றால், இடையில் வந்தவர்கள் யாரும் தங்கள் முறையைத் தவறவிடவில்லை.

அடுத்த தடவை அந்த வழியா போனால் பிள்ளைகளை நிறம் பார்க்கச் சொல்லுங்க. புது வைக்கோல் பொன்னிறம், நாளாக நாளாகச் சாம்பல் நிறம். முகடு மட்டும் பொன்னிறமா இருந்தா, யாரோ சமீபத்தில் ஏணி போட்டு ஏறியிருக்காங்கன்னு அர்த்தம்.